பழைய வீட்டில் மிஞ்சிய ஒருவர்

1975-இல் அமெரிக்கப் பத்திரிகைக் கடைகளுக்கு 50 சென்ட் விலையில் ஒரு காமிக்ஸ் வந்தது. 68 பக்கம். நம் காமிக்ஸ் வாசகர்கள் ‘குண்டு புக்’ என்று ஆசையாகச் சொல்வார்களே, அந்த ரகம். அட்டையில் எக்ஸ்-மென் குழுவின் பழைய உறுப்பினர்கள் நிற்கும் ஒரு படம். அந்தப் படத்தையே கிழித்துக்கொண்டு, அதுவரை யாரும் ஒன்றாகப் பார்த்திராத சிலர் வாசகரை நோக்கிப் பாய்கிறார்கள். கில் கேனும் டேவ் காக்ரமும் சேர்ந்து வரைந்த அட்டை அது. புத்தகத்தின் பெயர் ‘ஜயன்ட்-சைஸ் எக்ஸ்-மென்’, முதல் இதழ். ஒரு சூப்பர் ஹீரோ குழுவை மறுபடி தொடங்குவது என்றால் என்ன என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன வேறொரு அட்டையை நான் பார்த்ததில்லை. பழையதைக் கிழித்தாக வேண்டும். ஆனால் எது கிழிபடுகிறது என்பதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ரீபூட் செய்த குழுக் காமிக்ஸின் முதல் இதழ் எதனால் நிற்கிறது, எதனால் சரிகிறது? தனி நாயகனின் மறுதொடக்கம் வேறு விஷயம். பேட்மேனின் பெற்றோர் சந்தில் சுடப்பட்டு விழுவதை நூறு முறை சொன்னாலும் கதை ஓடும், ஏனென்றால் அது ஒருவனின் துயரம். குழு அப்படியல்ல. ஏழு பேர் இருந்தால் ஏழு துயரம், ஏழு சக்தி, ஏழு உடை. வழக்கமான இதழில் கதைக்குக் கிடைப்பதோ இருபது, இருபத்திரண்டு பக்கம். ஆளுக்கு மூன்று பக்கம் பிரித்துக் கொடுத்தாலே புத்தகம் தீர்ந்துபோகும். எதிரிக்கு இடம் எங்கே? இவர்கள் ஏன் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொல்ல இடம் எங்கே?

இந்தக் கணக்கு முதல் குழுவுக்கே இருந்தது. 1940-இன் குளிர்காலத்தில் வெளிவந்த ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ மூன்றாம் இதழில் ஜஸ்டிஸ் சொசைட்டி முதன்முதலாகக் கூடியது. கதாசிரியர் கார்ட்னர் ஃபாக்ஸ் கண்டுபிடித்த வழி மிக எளிது. எல்லோரையும் ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து, ஆளுக்கொரு கதை சொல்லச் சொன்னார். சண்டைகள் தனித்தனி, கூடுதல் மட்டும் பொது. இருபது வருடம் கழித்து எடிட்டர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் அந்தக் குழுவைப் புதுப்பிக்க நினைத்தபோதும் எழுதியவர் அதே ஃபாக்ஸ்தான். ‘சொசைட்டி’ என்ற சொல் ஷ்வார்ட்ஸுக்கு மந்தமாகப் பட்டது. பேஸ்பால் அணிகளின் ‘லீக்’ அவருக்குப் பிடித்திருந்தது. 1960-இல் ‘தி பிரேவ் அண்ட் தி போல்ட்’ 28-ஆம் இதழில் ஜஸ்டிஸ் லீக் வந்தது. எதிரி ஸ்டாரோ, ராட்சத நட்சத்திரமீன்.

அந்தக் கதையில் குழு எப்படி உருவானது என்ற பேச்சே கிடையாது. முதல் பக்கத்திலிருந்தே அவர்கள் ஒரு குழு; ஆபத்து வந்ததும் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள். அவர்கள் முதலில் சந்தித்துக்கொண்ட கதை 1962-இல், தொடரின் ஒன்பதாம் இதழில்தான் வந்தது. இரண்டு வருடம் வாசகர்கள் பொறுத்திருந்தார்கள். ‘எப்படிச் சேர்ந்தார்கள்’ என்பது முதல் இதழின் கட்டாயக் கடன் அல்ல என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி தேவையில்லை. இன்றைய எழுத்தாளர்கள் இதை மறந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

மறுபடி 1975-க்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்விக்கான பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் 1963-இல் தொடங்கிய எக்ஸ்-மென், 1970-இல் 66-ஆம் இதழோடு மூச்சு வாங்கி நின்றது. அதன்பின் 67 முதல் 93 வரை வந்தவை எல்லாம் மறுபதிப்பு. ஒரு தொடர் இருக்கிறது, ஆனால் அதில் புதிதாக எதுவும் நடப்பதில்லை. சாகவும் விடாமல் வாழவும் விடாமல் ஐந்து வருடம். மார்வெலின் அன்றைய தலைவர் ஆல் லாண்டாவ், வெளிநாடுகளிலும் விற்கும்படி பல தேசத்து ஆட்கள் அடங்கிய குழு ஒன்று வேண்டும் என்றார். அந்த வியாபார யோசனையிலிருந்துதான் இது முளைத்தது என்று ராய் தாமஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எழுதும் வேலை லென் வைனுக்கும் வரையும் வேலை காக்ரமுக்கும் வந்தது. ‘லீஜன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ்’ தொடருக்காகத் தான் உருவாக்கி அங்கே பயன்படாமல் போன ஒரு வடிவத்தைக் காக்ரம் கையோடு கொண்டுவந்தார். அதுதான் நைட்கிராலர்.

புதுக் கதைக்குக் கிடைத்தது 36 பக்கம், மற்றவை பழைய சரக்கு. அந்த 36 பக்கத்தில் வைன் செய்த ஏற்பாட்டைப் பாருங்கள். ஜெர்மனியில் தீப்பந்தங்களோடு ஊரே துரத்தும் நைட்கிராலர். கென்யாவில் மழை தருபவளாக வணங்கப்படும் ஸ்டார்ம். சைபீரியக் கூட்டுப் பண்ணையில், தங்கையை நோக்கி ஓடிவரும் டிராக்டரைத் தன் உடலால் நொறுக்கும் கொலோஸஸ். அரிசோனாவில் எருமையோடு மல்லுக்கட்டும் அப்பாச்சி இளைஞன் தண்டர்பேர்ட். சிலருக்கு இரண்டு பக்கம், சிலருக்கு ஒரு பக்கம்கூட இல்லை. வுல்வரின் முந்தைய வருடமே ‘ஹல்க்’ இதழில் வந்துபோனவன் என்பதால் அவனுக்கு அறிமுகம் சுருக்கம். பான்ஷீயும் சன்ஃபையரும் பழைய எக்ஸ்-மென் கதைகளில் தலைகாட்டியவர்கள். சமமாகப் பங்கிடவில்லை என்பதே இதன் நேர்த்தி. புதியவர்களுக்கு அதிகம், தெரிந்தவர்களுக்குக் குறைவு. கல்யாண வீட்டில் பெரியப்பா மகனை யாரும் யாருக்கும் அறிமுகம் செய்துவைப்பதில்லை, அதுபோல.

இதற்கெல்லாம் நடுவில் சைக்ளாப்ஸ் இருக்கிறான். பழைய குழு கிராக்கோவா என்ற தீவுக்குப் போய்ச் சிக்கிக்கொண்டது. தப்பி வந்தவன் அவன் ஒருவன்தான். புதியவர்கள் கூட்டப்படுவது அவன் வீட்டாரை மீட்க. இந்த ஓர் ஏற்பாட்டால் எத்தனை வேலை முடிந்துவிடுகிறது பாருங்கள். குழு ஏன் சேர வேண்டும் என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. பழைய வாசகனுக்குக் கைபிடிக்க ஓர் ஆள் இருக்கிறான். புதிய வாசகனோ நைட்கிராலரோடு சேர்ந்து அந்த வீட்டுக்குள் முதன்முறை கால்வைக்கிறான். பின்னால் தெரியவரும் திருப்பம், அந்தத் தீவே உயிருள்ள எதிரி என்பது. அது அருமையான திருப்பம்தான், ஆனாலும் தூணாக நிற்பவன் சைக்ளாப்ஸ். கடைசிக் கட்டத்தில் பழையவர்களும் புதியவர்களும் ஒரே விமானத்தில் பதின்மூன்று பேராக நெருங்கி உட்கார்ந்திருக்க, இத்தனை பேரை வைத்து இனி என்ன செய்வது என்ற கேள்வியோடு கதை முடிகிறது. குழுவை மறுபடி கட்டிய எழுத்தாளர், கட்டியதால் வந்த சிக்கலை ஒளிக்காமல் வாசகர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். அடுத்த இதழிலிருந்து வசனம் எழுத வந்த கிறிஸ் கிளேர்மான்ட், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே பதினாறு வருடம் எழுதினார். 95-ஆம் இதழில் தண்டர்பேர்ட் இறந்தான், பழையவர்கள் பலர் விலகிப் போனார்கள், சைக்ளாப்ஸ் இருந்தான்.

பழைய வீட்டிலிருந்து மிஞ்சிய ஒருவர். வென்ற முதல் இதழ்களைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது இந்த ஆளைத்தான் நான் சந்திக்கிறேன். 1980-இல் மார்வ் உல்ஃப்மேனும் ஜார்ஜ் பெரேஸும் ‘நியூ டீன் டைட்டன்ஸ்’ தொடங்கியபோது, ராபினும் வொண்டர் கேர்ளும் கிட் ஃப்ளாஷும் பழையவர்கள்; சைபோர்க், ஸ்டார்ஃபையர், ரேவன் மூவரும் புதியவர்கள். கூட்டிச் சேர்ப்பவள் புதியவளான ரேவன், கூடுபவர்களில் முதல்வன் பழையவனான ராபின். சரிபாதிக் கலவை.

இதே பாடத்தை 1987-இன் ‘ஜஸ்டிஸ் லீக்’ வேறு தொனியில் படித்துக் காட்டியது. கீத் கிஃபனும் ஜே. எம். டிமாட்டெயிஸும் எழுத, கெவின் மக்வயர் வரைந்தார். அப்போது டீசி நிறுவனம் தன் உலகத்தையே கலைத்து அடுக்கியிருந்தது. சூப்பர்மேன், வொண்டர் உமன், ஃப்ளாஷ் மூவரும் அவரவர் தனித் தொடர்களில் புதிதாகத் தொடங்கிக்கொண்டிருந்ததால் குழுவுக்குக் கிடைக்கவில்லை. கையிலிருந்தது பேட்மேனும், இரண்டாம் வரிசை ஆட்கள் சிலரும். சமையலறையில் இருப்பதை வைத்துச் சமைக்கும் நிலைமை. அந்தப் பற்றாக்குறையையே அவர்கள் கதையாக்கினார்கள். கூட்ட அறையில் தன்னந்தனியாக உட்கார்ந்துகொண்டு, தானே தலைவன் என்று கனவு காணும் கை கார்ட்னரோடு முதல் இதழ் தொடங்குகிறது. மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள், வந்ததும் வாய்ச்சண்டை. பேட்மேன் நுழைந்ததும்தான் அறை அடங்குகிறது. அறிமுகம் என்று தனியாக ஒரு பக்கமும் வீணாகவில்லை. ஒருவரைப் பற்றி இன்னொருவர் முகம் சுளிப்பதிலேயே இருவரும் நமக்குத் தெரிந்துவிடுகிறார்கள். மக்வயர் முகங்களை வரைவதில் தேர்ந்தவர். அட்டையிலேயே எல்லோரும் அண்ணாந்து வாசகரை முறைக்கிறார்கள்; பின்னால் எத்தனையோ பேர் அந்த அட்டையைப் பார்த்து வரைந்துவிட்டார்கள்.

பலரும் இந்தத் தொடரை நகைச்சுவைக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த முதல் இதழில் மனத்தில் நிற்பவர் மார்ஷியன் மேன்ஹன்டர். 1960 முதல் குழுவில் இருந்தவர். இதற்கு முந்தைய குழு கலைந்தபோது அதில் இருவர் இறந்திருந்தார்கள். சத்தத்துக்கு நடுவில் அவருடைய கனத்த இருப்பு, ‘இந்தப் பெயருக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது’ என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. அவர் இல்லாவிட்டால் அந்தச் சிரிப்புக்கு அடியில் தரை இருந்திருக்காது.

முதல் இதழ் என்பதே ஒரு பண்டமாக மாறிய கதையையும் சொல்லியாக வேண்டும். 1991-இல் கிளேர்மான்ட்டும் ஜிம் லீயும் செய்த ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. ஒரு காமிக்ஸ் இதழின் விற்பனையில் இன்றும் அதுதான் சாதனை. ஐந்து விதமான அட்டைகள். நான்கை ஒட்டிவைத்தால் ஒரே படம், ஐந்தாவதில் நான்கும் சேர்ந்தே இருக்கும். 80 லட்சம் வாசகர்கள் படித்தார்கள் என்று இதற்குப் பொருளல்ல. காமிக்ஸ் கடைகள் முன்கூட்டியே ஆர்டர் கொடுத்து, திருப்பி அனுப்ப முடியாத கணக்கில் வாங்கின. நாளை விலை ஏறும் என்று நம்பியவர்கள் ஐந்து ஐந்தாக வாங்கிப் பெட்டியில் வைத்தார்கள். பதினாறு வருடம் அந்தக் குழுவை வளர்த்த கிளேர்மான்ட் மூன்றாம் இதழோடு வெளியேறினார். கதையாகப் பார்த்தால் அந்த இதழ் மோசமில்லை, குழுவின் பழைய எதிரி மேக்னிட்டோவை வைத்து நன்றாகவே தொடங்குகிறது. என்றாலும் அட்டையில் 1 என்று போட்டால் விற்கும் என்ற பாடத்தை நிறுவனங்கள் அன்று கற்றுக்கொண்டன, இன்றுவரை மறக்கவில்லை. மார்வெல் 1996 இறுதியில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்துக்குப் போனது. அதே வருடம் ‘ஹீரோஸ் ரீபார்ன்’ என்று தன் அவெஞ்சர்ஸையும் ஃபென்டாஸ்டிக் ஃபோரையும் ராப் லீஃபெல்ட், ஜிம் லீ ஆகியோரின் ஸ்டூடியோக்களிடம் ஒப்படைத்து எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து தொடங்கவைத்தது. பழைய நினைவு எதுவும் இல்லாத புது உலகம். ஏறத்தாழ ஒரு வருடத்தில் அது முடிந்தது.

அதற்குப் பதிலாக 1998-இல் வந்த ‘அவெஞ்சர்ஸ்’ முதல் இதழ் எதிர்த்திசையின் எல்லைக்கே போனது. கர்ட் புசீக்கும் ஜார்ஜ் பெரேஸும் அந்தக் குழுவில் எப்போதோ இருந்த ஏறத்தாழ எல்லோரையும், நாற்பது பேர் அளவில், ஒரே இதழுக்குள் கூப்பிட்டுவிட்டார்கள். பெரேஸைத் தவிர யாராலும் வரைய முடியாத கூட்டம். ஒருவர் மிஞ்சியிருக்க வேண்டிய இடத்தில் ஊரே மிஞ்சியிருந்தது. எனக்கு அது பிடிக்கும். ஆனால் புது வாசகன் ஒருவன் கையில் அந்த இதழைக் கொடுக்க நான் தயங்குவேன்.

கிரான்ட் மாரிசனும் ஹோவர்ட் போர்ட்டரும் 1997-இல் தொடங்கிய ‘ஜேஎல்ஏ’ வேறு ஒரு சாமர்த்தியம். ஏழு பெரிய பெயர்களும் திரும்பி வருகிறார்கள். அவர்களை யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மிச்சமான பக்கங்களை மாரிசன் ஒரு கேள்விக்குக் கொடுத்தார். வானத்திலிருந்து இறங்கிய புதிய வீரர் கூட்டம் சஹாராவைப் பச்சையாக்கிவிடுகிறது. ஏன் இவ்வளவு காலம் நீங்கள் இதைச் செய்யவில்லை என்று உலகம் பழைய நாயகர்களைப் பார்க்கிறது. மறுதொடக்கம் என்ற வியாபாரக் காரியமே அங்கே கதைக்குள் வந்து, பழையவர்கள் இன்னும் எதற்கு என்று கேட்கிறது. முந்தைய குழுவைச் சேர்ந்த மெட்டமார்ஃபோ தன் தோழர்களைக் காப்பாற்றி உயிர்விடுவதும் இதே இதழில்தான். 2001-இல் பீட்டர் மிலிகனும் மைக் ஆல்ரெட்டும் ‘எக்ஸ்-ஃபோர்ஸ்’ 116-ஆம் இதழில் புத்தம்புதுக் குழுவை அறிமுகப்படுத்தி, அதே இதழின் முடிவில் பெரும்பாலோரைக் கொன்றுபோட்டார்கள். அட்டையில் 1 என்ற எண் இல்லை, ஆனால் நிஜமான முதல் இதழ் அதுதான். அங்கே பழைய வீடே முப்பது பக்கத்துக்குள் கட்டி இடிக்கப்படுகிறது. மிஞ்சிய இரண்டு மூன்று பேரை வைத்துத்தான் அடுத்த கதை.

என் கருத்துக்கு இடறலாக நிற்பது 2002-இன் ‘தி அல்டிமேட்ஸ்’. மார்க் மில்லரும் பிரையன் ஹிட்சும் அவெஞ்சர்ஸை வேறொரு உலகத்தில் அடியிலிருந்து எழுதினார்கள். பழைய தொடரின் நினைவு எதுவும் கிடையாது. போதாக்குறைக்கு முதல் இதழில் குழுவே கிடையாது. 1945, உலகப்போர், கேப்டன் அமெரிக்கா, கடைசியில் பனிக்கடல். அவ்வளவுதான். ஆனாலும் அந்த இதழ் பிரமாதமாக நிற்கிறது. ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். காமிக்ஸின் நினைவை எடுத்துவிட்ட இடத்தில் மில்லர் வரலாற்றின் நினைவை வைத்தார். அடுத்து வரும் நவீன, பளபளப்பான, ஊடக வெளிச்சத்தில் திளைக்கும் குழுவுக்குள் போரிலிருந்து மிஞ்சிய ஒருவன் இருக்கப்போகிறான் என்று அந்த ஓர் இதழ் உறுதி செய்துவிட்டது. பார்க்கப்போனால் அவனும் பழைய வீட்டுக்காரன்தான். வீடு மட்டும் வேறு.

2011 ஆகஸ்ட் 31 அன்று வெளியான ‘ஜஸ்டிஸ் லீக்’ முதல் இதழைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். டீசி தன் தொடர்கள் அனைத்தையும் நிறுத்தி, 52 தொடர்களை ஒன்றிலிருந்து தொடங்கிய பெரும் முயற்சியின் தலைவாசல் அது. அச்சில் வரும் நாளிலேயே டிஜிட்டலிலும் கிடைக்கும் என்று அறிவித்ததில் துணிச்சல் இருந்தது; கடைக்குப் போகாத பலரையும் அது கொண்டுவந்தது. எழுதியவர் ஜெஃப் ஜான்ஸ், வரைந்தவர் ஜிம் லீ. அட்டையில் ஏழு பேர். உள்ளே, பேட்மேனும் கிரீன் லேன்டர்னும் சந்தித்து, ஒரு பிராணியைத் துரத்தி, வாக்குவாதம் செய்கிறார்கள். நடுவில், பின்னால் சைபோர்க் ஆகப்போகும் விக்டர் ஸ்டோன் அமெரிக்கக் கால்பந்து ஆடும் சில பக்கம். கடைசிப் பக்கத்தில் சூப்பர்மேன். புத்தகம் முடிந்தது. ஃப்ளாஷ் அடுத்த இதழில், வொண்டர் உமனும் அக்வாமேனும் மூன்றாவதில். 3.99 டாலர் கொடுத்து வாங்கியவருக்குக் கிடைத்தது குழுக் கதையின் ஏழில் இரண்டு பங்கு.

ஜான்ஸ் திறமையானவர், இருவரின் உரையாடலில் உயிர் இருக்கிறது. பிழை ஏற்பாட்டில்தான். எல்லோரும் ஒருவருக்கொருவர் அந்நியர். யாருக்கும் முன்கதை இல்லை. ஆகவே எல்லோரும் எல்லோரையும் சந்தித்தாக வேண்டும். நினைவைத் துடைத்தால் வாசலில் நின்று கைகுலுக்குவதற்கே பக்கங்கள் போய்விடும். 1960 முதல் அந்தக் குழுவில் மிஞ்சியிருக்கும் ஆளாக இருந்த மார்ஷியன் மேன்ஹன்டரை நிறுவனர் வரிசையிலிருந்து எடுத்துவிட்டு அந்த நாற்காலியைச் சைபோர்க்குக்குக் கொடுத்தார்கள். ஒரு கறுப்பின இளைஞன் நிறுவனர் வரிசைக்கு வந்ததை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். பழையவரையும் பக்கத்தில் இருத்தியிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஒன்றை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே இரும்புக்கை மாயாவியோடுதான். பிறகு ஸ்பைடர் வந்தார், ஆர்ச்சி வந்தான். இவர்கள் மூவரும் பிரிட்டிஷ் வார இதழ்களின் பிள்ளைகள். 2005-இல் டீசியின் வைல்ட்ஸ்டார்ம் பிரிவு ‘ஆல்பியன்’ என்ற ஆறு இதழ்த் தொடரை வெளியிட்டது. கதைத் திட்டம் ஆலன் மூர். எழுதியவர்கள் அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும். அதில் மாயாவியும் ஸ்பைடரும் அவர்கள் காலத்து மற்றவர்களும் ஸ்காட்லாந்தின் ஒரு கோட்டையில் அரசாங்கத்தால் ரகசியமாக அடைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போவது அவர்களை உருக்கமாக நினைவில் வைத்திருக்கும் இளைய தலைமுறை. பிரிட்டனில் பலர் மறந்துவிட்ட அந்தப் பெயர்களை அட்டை தேய்ந்த புத்தகங்களில் விடாமல் படித்துவந்த ஊர் நம்முடையது. அந்தத் தொடரின் முதல் இதழைத் திறந்தபோது, அறிமுகமே தேவைப்படாத வாசகனாக என்னை உணர்ந்தேன். ஒரு மறுதொடக்கம் யாரை நோக்கிப் பேசுகிறது என்பது அச்சிடும் நாட்டோடு முடிவதில்லை.

2019 ஜூலையில் ஜானதன் ஹிக்மேனும் பெப்பே லாராஸும் கொண்டுவந்த ‘ஹவுஸ் ஆஃப் எக்ஸ்’ முதல் இதழில் மிஞ்சியிருப்பது ஆள் மட்டுமல்ல, இடமும்கூட. 1975-இல் பழைய குழுவை விழுங்கிய அதே கிராக்கோவா இப்போது எக்ஸ்-மென் சார்ந்த மியூட்டன்ட் இனத்தின் தேசம். அதற்குத் தனி எழுத்து, தனி மருந்துகள், ஜெருசலேமில் வெளிநாட்டுத் தூதர்களை வரவேற்கும் மேக்னிட்டோ. ஹிக்மேன் எதையும் அழிக்கவில்லை. நாற்பத்து நான்கு வருடத்துக் கதை அத்தனையும் நடந்ததுதான், ஆனால் அதன் பொருள் மாறிவிட்டது. நடுநடுவே டாம் முல்லர் வடிவமைத்த வரைபடங்களும் பட்டியல்களும் நிறைந்த பக்கங்கள், அறிமுகத்துக்குச் செலவாகியிருக்கும் இடத்தைச் சேமித்துவிடுகின்றன. புது வாசகன் தீவைப் பார்த்து வியப்பான். பழைய வாசகன் அது ஒரு காலத்தில் என்னவாக இருந்தது என்று நினைத்து நடுங்குவான். ஒரே பக்கம், இரண்டு வாசிப்பு.

அந்தத் தேசமும் 2024-இல் முடிந்தது. அந்த வருட ஜூலையில் ஜெட் மக்கேயும் ரயன் ஸ்டெக்மேனும் இன்னொரு ‘எக்ஸ்-மென்’ முதல் இதழைக் கொண்டுவந்தார்கள். இடம் அலாஸ்கா, மியூட்டன்ட்களை வேட்டையாடும் சென்டினல் ரோபோக்களின் கைவிடப்பட்ட தொழிற்சாலை. நடக்க முடியாமல் நாற்காலியில் இருக்கும் மேக்னிட்டோ. தான் பின்னாளில் செய்த கொடுமைகள் எதுவும் நினைவில் இல்லாமல், பழைய நினைவுப் பிரதியிலிருந்து உயிர்பெற்றிருக்கும் பீஸ்ட். இவர்களோடு சில இளையவர்கள். தலைமை தாங்க சைக்ளாப்ஸ். தீவிலிருந்து தப்பி வந்து ஆள் தேடிய நாளிலிருந்து நாற்பத்தொன்பது வருடம் கழித்து, மறுபடியும் அவன்தான் புது வீட்டின் வாசலில் நிற்கிறான்.